முந்தைய ஆய்வு ஒன்று

இடது கையால் கொடுத்தாள். பி.எச்.டி. வைவாவுக்கு வெளியூரிலிருந்து வந்திருக்கும் எக்ஸாமினருக்கு, ஹால் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒற்றை ரோஜாப்பூவை அந்த அம்மாள் இடது கையால் நீட்டினாள். அதையும் சிரித்துக்கொண்டே நீட்டினாள். வலது கை சேலைத் தலைப்புக்குள் சும்மா கிடந்தது. சண்முகவடிவு வாங்கிக்கொண்டாள், அத்தனை பேர் முன்னால் வாங்காமல் என்ன செய்வது. ஆனால் வாங்கிய நிமிஷத்திலிருந்து அந்தப் பூ மேஜையில் கிடந்து வயிற்றெரிச்சலைக் கிளறிக்கொண்டே இருந்தது. மகள் டாக்டர் பட்டம் வாங்குகிற நாளில் எந்தக் கையால் கொடுப்பது என்று ஒருத்திக்குத் தெரியாதா, இல்லை, தெரிந்தே செய்கிறாளா, கோதண்டபாணியின் மாணவியுடைய அம்மா என்றால் எதையும் நம்ப முடியாது. முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டு இப்போதும் இவளையேதான் பார்க்கிறாள். புதுப் பட்டு, மடிப்புக் கலையாத விறைப்பு. பக்கத்தில் சொந்தக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் டிபார்ட்மென்ட் பிள்ளைகள், கடைசி வரிசையில் மிக்சர் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் பிரிக்க முயன்று தோற்கிற இரண்டு பேர். பொது வைவா என்று பெயர். யார் வேண்டுமானாலும் வரலாம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வருகிறவர்கள் சமோசாவுக்கு வருகிறார்கள். கேட்கிற கேள்விகளைக் கைடே முந்தின நாள் பிள்ளைகளிடம் பிரித்துக் கொடுத்திருப்பார். இதையெல்லாம் சண்முகவடிவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவளே எத்தனையோ வைவா நடத்தியவள், கேள்வி பிரித்துக் கொடுத்தவள். ஆனாலும் அடுத்தவன் நடத்தும்போது பார்த்தால் எல்லாம் கூத்தாகத்தான் தெரிகிறது.

அடுத்தவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கோதண்டபாணி. டீன் கோதண்டபாணி. வாசலில் கார்க் கதவைத் திறந்துவிட்டபோது, என்ன வடிவு, மெலிஞ்சுட்டியே என்றான், ஹாலுக்குள் நுழைந்ததும் மேடம் ஆக்கிவிட்டான். ஒரே கைடிடம் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள் இருவரும். ஒளிவிடும் பாக்டீரியாவைப் பிரித்தெடுக்கத் துறைமுகத்துக்குப் போய்க் கணவாய் மீன் வாங்கிவந்தது யார், இவள். மீன் நாற்றம் தாங்காமல் மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு வெளியே ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றது யார், அவன். கட்டுரை வந்தபோது இவள் பெயருக்குப் பக்கத்தில், கமா ஒன்றுக்கு அந்தப் பக்கம், அவன் பெயரும் இருந்தது. கேட்டதற்கு, ஸ்கூட்டர் என்னோடதுல்ல என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை வைத்தே அவன் யுனிவர்சிட்டிக்குள் போய்விட்டான், இவள் சிரிக்கத் தெரியாத முகத்தோடு ஒரு சின்ன ஊர்க் காலேஜில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குத் தவளை அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். காலேஜில் லேப் என்று இருந்தது ஒரு ஸ்டோர் ரூம். அதில்தான், அதே பாக்டீரியாவை வைத்துத் தண்ணீரில் விஷம் இருக்கிறதா என்று பார்க்கும் சென்சரைச் செய்தாள். தகரப்பெட்டிக்குள் கறுப்புத் துணி ஒட்டி, சீசா வைக்க ஓட்டை போட்டு, வெளிச்சம் அளக்கும் மீட்டரைப் பொருத்தி, ஊர் ஊராக பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைந்தாள். பஸ்ஸில் கண்டக்டர்கள் அதைத் தையல் மிஷின் என்று நினைத்து லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்கள். அப்போதெல்லாம் கோதண்டபாணி ஜெர்மனியில் இருந்தான்.

இப்போது மட்டும் எதற்கு இவளைக் கூப்பிட்டான் என்பதுதான் காலையிலிருந்து மண்டையைக் குடைந்தது. எக்ஸாமினர் பெயர்களைக் கைடுதான் எழுதிக் கொடுப்பான். ஊரில் ஆளா இல்லை. ஆய்வேடு வந்தது விடைத்தாள் திருத்தும் முகாம் நடந்துகொண்டிருந்தபோது. உள்ளங்கை கனத்துக்குக் கறுப்பு அட்டை. வீட்டுக்கு வந்து, சோபாவில் சாய்ந்து, வழக்கம்போலக் கடைசிப் பக்கங்களைத் திறந்தாள். உலகத்தில் யார் எந்த ஆய்வேட்டை எப்படிப் படிக்கிறார்களோ, சண்முகவடிவு பின்னாலிருந்துதான் படிப்பாள், மேற்கோள் பட்டியலில் 'ச' வரிசைக்குப் போய்த் தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் ஆய்வேடு நல்ல ஆய்வேடு. இல்லாவிட்டால் முன்னால் போய்க் குற்றம் தேட வேண்டியிருக்கும். இந்தப் பட்டியலில் அவள் பெயர் ஒரு முறை அல்ல, பத்தியாக, ஒன்றன்கீழ் ஒன்றாக, ரேஷன் கடைக் க்யூ மாதிரி நின்றது. யாரும் சீண்டாத பழைய சிறு கட்டுரைகள்கூட இருந்தன. மனசு நிறைந்துபோனது. பெண் பரவாயில்லையே, தேடித் தேடி எடுத்திருக்கிறாளே என்று முடிவுரையில் ஒரு பக்கம் புரட்டினாள், முன்னுரையில் இரண்டு பத்தி, அவ்வளவுதான். நடுவில் இருந்த அத்தியாயங்களை விசிறி மாதிரி விரலால் ஓட்டினாள். பழைய ரிப்போர்ட் ஒன்றை எடுத்துப் பெயரையும் தலைப்பையும் மாற்றி, 'மிகவும் பாராட்டத்தக்கது' என்று போட்டு அனுப்பிவிட்டாள். கூடவே அனுப்ப வேண்டிய கேள்விகளும் பழசுதான். இந்த ஆய்வின் புதுமை என்ன, இதனால் சமூகத்துக்கு என்ன பயன், இனி என்ன செய்யலாம். கோழியைப் பற்றிய ஆய்வானாலும் கடற்பாசியைப் பற்றிய ஆய்வானாலும் பொருந்துகிற கேள்விகள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஊரில் எல்லாரும் செய்கிறதுதான்.

பெண் பேச ஆரம்பித்திருந்தாள். இசக்கியம்மாள். ஒல்லி, குரலும் ஒல்லி, இங்கிலீஷ் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு காலை ஊன்றி ஒரு காலை இழுத்து நடந்தது. எண்ணெய் வழிய வாரிய தலை. சுட்டிக்காட்டும் சிவப்பு விளக்கின் செம்பொட்டு திரை முழுக்கப் பூச்சி மாதிரி அலைந்தது. பாக்டீரியா நல்ல தண்ணீரில் பிரகாசமாக ஒளிவிடும், தண்ணீரில் விஷம் இருந்தால் மங்கும், எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு விஷம், இதுதான் இந்த உயிர் உணரியின் அடிப்படை. தெரியும் தாயே, தெரியும், நீ பிறப்பதற்கு முன்னால் நான் கண்டது. இருட்டறையில் குடுவை முதல் முறை ஒளிர்ந்த அன்று, நீலமும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் ஒரு வெளிச்சம், குலுக்கினால் பொங்குகிறது, நிறுத்தினால் அடங்குகிறது, காட்டுவதற்கு ஆள் இல்லாமல் அவள் வராந்தாவுக்கு ஓடி கோதண்டபாணியைத்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். இருட்டில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல காரியம் அந்தப் பேசாமல் இருந்ததுதான். அவன் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. சீ, இதை எதற்கு இப்போது நினைக்க வேண்டும். திரையில் அந்தப் பெண் அதே வெளிச்சத்தைப் போட்டோவாகக் காட்டினாள். போட்டோவில் அது டியூப்லைட் மாதிரி இருந்தது.

பிறகு குளம் வந்தது. கொக்கரையான்குளம். சண்முகவடிவு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது அவளுடைய குளம். கரையின் தெற்கு மூலையில் இருக்கிற மருதமரம் வரைக்கும் அவளுக்குத் தெரியும். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறைகள் மேட்டில் வந்தபோது, கீழே இருந்த காலனி ஜனங்கள் குளத்துத் தண்ணீரைக் குழாயில் விடக்கூடாது என்று மறியல் செய்தார்கள். சோதிக்கச் சொல்லி அதிகாரிகள் கேட்டது யாரிடம், தகரப்பெட்டிக்காரியிடம். கோடை முழுக்கக் கரையில் கிடந்தாள். சென்சர் என்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல தண்ணீர் வேண்டும். லேபில் வடித்த தண்ணீரை வைத்துக் குளத்தை அளக்காதே, அந்தந்த மண்ணின் தண்ணீருக்கு அந்தந்த மண்ணின் உப்பு உண்டு, அந்த மண்ணிலேயே ஒரு சுத்தமான இடத்தைப் பிடித்து அதோடு ஒப்பிடு. இது அவள் கொள்கை, வகுப்பில் மேஜையைத் தட்டிச் சொல்வாள். கரைக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்த டிராவலர்ஸ் பங்களாவின் கிணற்றை அப்படிப் பிடித்தாள். தேன் மாதிரித் தண்ணீர், அவளே அதைத்தான் குடித்தாள். குளத்துத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தாள். இரண்டும் ஒன்றுபோல ஒளிர்ந்தன. வித்தியாசம் இல்லை. குளம் சுத்தம். கூட்டம் போட்டுச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. கைக்குழந்தையோடு ஒருத்தி முன்னால் வந்து, டீச்சரம்மா, இதை நீங்க குடிப்பீங்களா என்று கேட்டாள். கேட்டதும் வந்ததே ஒரு கோபம். சொம்பை வாங்கி, எல்லாரும் பார்க்க, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துக் காட்டினாள். கூட்டம் கை தட்டியது. குழாயடியில் போர்டு வைத்தார்கள், 'குடிக்க உகந்த நீர்', கீழே அவள் பெயரும் பட்டமும். வாழ்க்கையில் பட்டத்தோடு அவள் பெயர் வெளியே எழுதப்பட்டது அந்த ஒரு இடத்தில்தான்.

முந்தைய ஆய்வு ஒன்று என்று திரையில் இருந்தது. முந்தைய ஆய்வு ஒன்றில் இந்தக் குளம் பாதுகாப்பானது எனக் கண்டறியப்பட்டது. பெயர் இல்லை. சண்முகவடிவு வழக்கம்போலப் பெயரைத் தேடினாள், அடைப்புக்குள் ஒரு பெயர், ஒரு வருஷம், சின்ன எழுத்திலாவது. ஒன்றும் இல்லை, ஒரு பொடி எண் மட்டும் தலைக்கு மேல் கொசு மாதிரி உட்கார்ந்திருந்தது. பட்டியலில் அத்தனை முறை எழுதத் தெரிந்தவளுக்கு ஊர் பார்க்கிற திரையில் ஒரு முறை எழுதக் கை வரவில்லையா, இது யார் வேலை, கோதண்டபாணி வேலைதான் என்று அவள் பொருமிக்கொண்டிருக்கும்போதே பெண் அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். வரைபடம். கீழே இரண்டு கோடுகள், குளத்துக்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று, ஒன்றையொன்று தழுவிக்கொண்டு போயின. சரி, ஒத்துப்போகிறதே என்று ஒரு கணம் மனசு லேசானது. அப்புறம்தான் மூன்றாவது கோடு வந்தது. அது எங்கேயோ மேலே, திரையின் உச்சியில், தன்பாட்டுக்குப் போனது. மலையடிவாரத்து ஊற்று என்றாள் பெண். அதே மண், அதே உப்பு, பட்டறைக்கு மேற்பக்கம். ஒப்பிட்ட கிணறே மண்ணுக்கடியில் கெட்டிருந்தது, அதனால் குளத்தின் கெடுதி தெரியவில்லை, மங்கலை மங்கலோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். மங்கலை மங்கலோடு. இங்கிலீஷில் அத்தனை நேரம் நொண்டியவள் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நொண்டாமல் சொன்னாள். சண்முகவடிவின் காது அடைத்துக்கொண்டது. ஏ.சி. காற்று பிடரியில் பட்டது, ஆனாலும் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

படுபாவி. படுபாவி, திட்டம் போட்டுச் செய்திருக்கிறான். அவனுக்குத் தெரியும், அவள் பின்னாலிருந்து படிப்பாள் என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான், ஒரே லைப்ரரி மேஜையில் புதுப் பத்திரிகை வந்ததும் இரண்டு பேரும் கடைசிப் பக்கத்துக்குத்தானே போட்டி போட்டார்கள். பட்டியல் நிறைய அவள் பெயரை அள்ளிப் போடு, கிழவி மயங்கிப் படிக்காமல் கையெழுத்துப் போடுவாள், அப்புறம் அவளை வரவழைத்து, மாலை போட்டு, அவள் கண் முன்னாலேயே அவள் ஆய்வைப் புதைப்போம், புதைத்தது சரி என்று அவளே கையெழுத்தும் போட்டிருப்பாள். பக்கத்தில் அவன் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அந்தத் தலையைப் பிடித்து மேஜையில் மோதலாம் போல இருந்தது. இரு, இரு. மூளையே, இப்போது வேலை செய். ஓட்டை இருக்கும், ஓட்டை இல்லாத ஆய்வேடு கிடையாது. கிடைத்துவிட்டது. நீ அளந்தது இன்றைய கிணறு, அவர்கள் அளந்தது அன்றைய கிணறு, அன்றைக்குக் கிணறு நன்றாக இருந்திருக்கலாமே, அப்புறம் கெட்டிருக்கலாமே, அன்றைக்கே கெட்டிருந்தது என்று எந்த முகத்தோடு சொல்கிறாய். அருமை. இதைக் கேட்டால் அம்மாவும் மகளும் அழுதுகொண்டு போக வேண்டியதுதான். அவள் கேள்வியை மனசுக்குள் இங்கிலீஷில் அடுக்கி, நடுவில் கொஞ்சம் சிரிப்பு வைத்து, மேஜை மேல் பேனாவை எடுத்துக்கொண்டாள். திரையில் ஒரு மட்டி ஓடு வந்தது. பங்களாக் கிணற்றுச் சேற்றில் செத்துப் புதைந்து கிடந்த மட்டிகள் என்றாள் பெண். மட்டி ஓடு வருஷத்துக்கு ஒரு படலமாக வளரும், மரத்தில் வளையம்போல, அந்தந்த வருஷத்துத் தண்ணீரில் இருந்தது அந்தந்தப் படலத்தில் ஏறும். சீவி எடுத்துப் பார்த்தாள். ஈயம் இருந்தது. முந்தைய ஆய்வு நடந்த வருஷத்துப் படலத்திலும் இருந்தது. அதற்கு முந்தின வருஷத்திலும் இருந்தது. சண்முகவடிவு பேனாவை மூடிக் கீழே வைத்தாள். நல்ல வேலை. அவளிடம் மட்டும் மட்டி சீவுகிற மாணவி ஒருத்திகூட வரவில்லை, வந்ததெல்லாம் கல்யாணம் ஆகும்வரை பொழுதுபோக வந்ததுகள்.

பேசாமல் இருந்துவிடலாம். ஹாலில் யாருக்குத் தெரியும். முந்தைய ஆய்வு ஒன்று, அவ்வளவுதான், யாரோ ஒரு முட்டாள் எந்தக் காலத்திலோ செய்தது, அந்த முட்டாள்தான் நடுநாயகமாகப் பூவோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று மிக்சர் தின்கிறவனுக்குத் தெரியவா போகிறது. புதுமை என்ன, பயன் என்ன, இனி என்ன, மூன்றையும் கேட்டு, பரிந்துரைக்கிறேன் என்று வாசித்து, சால்வையை வாங்கிக்கொண்டு, பிரியாணியைத் தின்றுவிட்டு ஊருக்குப் போகலாம். ஆய்வேடு லைப்ரரியில் போய்த் தூங்கும். இவளுக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கிவிட்டது, அதுவரைக்கும் யாரும் தூசி தட்டப்போவதில்லை. ஆனால் சொம்பு நினைவுக்கு வந்தது. பித்தளைச் சொம்பு, விளிம்பு நெளிந்தது, உதட்டில் பட்ட அந்த நெளிவு இப்போதும் தெரிந்தது. அன்றைக்கு அவள் குடித்தது ஒரு சொம்பு. கோடை முழுக்கக் கிணற்றுத் தண்ணீர் குடித்தாள், சேர்த்துக்கொள்ளலாம், போன வருஷத்திலிருந்து விரல் நுனி மரத்துப்போகிறதே, சர்க்கரை என்றார் டாக்டர், சர்க்கரைதான், சர்க்கரையாகத்தான் இருக்கும். ஈயம் என்றால் முதலில் வயிற்றுவலி, ரத்தசோகை, அப்புறம் நரம்பு, மணிக்கட்டு தொய்ந்துபோகும், கையைத் தூக்க வராது, பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கும், கை முறிந்த கிளை மாதிரி தொங்கும். இதைப் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறாள், பரீட்சைக்கு முக்கியம் என்று அடிக்கோடு போடச் சொல்லியிருக்கிறாள். முன்வரிசையில் அந்த அம்மாள் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். இடது கையால். தலைப்பு நழுவியது. நழுவிய தலைப்பை எடுக்க வலது கை கொஞ்சம் மேலே வந்தது, முன்னங்கை மட்டும் வந்தது, மணிக்கட்டுக்குக் கீழே எல்லாம் தொங்கியது. பக்கத்தில் இருந்தவள் தலைப்பை எடுத்துப் போட்டுவிட்டாள், தினமும் செய்கிறவள் மாதிரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். சண்முகவடிவு ரோஜாப்பூவைப் பார்த்தாள். அப்புறம் பார்க்க முடியவில்லை.

கைதட்டல் கேட்டது. பெண் முடித்துவிட்டாள். கோதண்டபாணி எழுந்து, அவையினர் கேட்கலாம் என்றான், சொல்லிவைத்தாற்போல மூன்று பிள்ளைகள் எழுந்து கேட்டார்கள், சொல்லிவைத்தாற்போலப் பெண் பதில் சொன்னாள். அடுத்து மேடம் கேட்பார்கள் என்று மைக்கை இந்தப் பக்கம் தள்ளினான். தள்ளும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் தள்ளினான், பயப்படுகிறான், பயப்படட்டும். புதுமை என்ன என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். சத்தியமாக அதைத்தான் கேட்க நினைத்தாள். ஆனால் திரையில் யாரோ பழைய படத்துக்குத் திரும்பியிருந்தார்கள், முந்தைய ஆய்வு ஒன்று மறுபடியும் அங்கே பெயரில்லாமல் நின்றது, அதைப் பார்த்ததும் உள்ளே ஒரு பழைய நமைச்சல், அதைத் திமிர் என்பதா, பழக்கம் என்பதா, தன் பெயர் விட்டுப்போன இடத்தைக் கண்டால் விடத் தெரியாத அந்த நமைச்சல் அவளை முந்திக்கொண்டது.

"முந்தைய ஆய்வுன்னு போட்டிருக்கியே. யாரு பண்ணினது? பேரு இல்லையா அவங்களுக்கு?"

கோதண்டபாணி மைக் இல்லாமல், மேடம், அது வந்து, என்றான். பெண் அவனைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். இங்கிலீஷை விட்டுவிட்டாள்.

"உங்களோடது மேடம். பேரைப் போட வேண்டாம்னு சார் சொன்னாங்க, எக்ஸ்டர்னலா வர்றவங்களை சங்கடப்படுத்தக் கூடாதுன்னு. நான் ரொம்ப பயந்துட்டே இருந்தேன் மேடம். நாலாவது சாப்டரைப் படிச்சதும் தூக்கி எறிஞ்சிருவீங்கன்னு நெனச்சேன். நீங்க முழுசாப் படிச்சிட்டு, மிகவும் பாராட்டத்தக்கதுன்னு எழுதியிருந்தீங்க. அதைப் பார்த்து நானும் அம்மாவும் அழுதுட்டோம். தன்னோட ஆய்வு தப்புன்னு சொன்ன பிள்ளைய யாரு மேடம் பாராட்டுவாங்க?"

யாரோ ஒருவன் கை தட்டினான். கடைசி வரிசைக்காரனாக இருக்க வேண்டும், மிக்சரைக் கீழே போட்டுவிட்டுத் தட்டினான். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். பெண்ணுக்குத் தட்டினதைவிட நீளமாகத் தட்டினார்கள். சிலர் எழுந்து நின்றுவிட்டார்கள். கோதண்டபாணி அவள் பக்கம் குனிந்து, நீ படிச்சா வர மாட்டேன்னு நெனச்சேன் வடிவு, வந்துட்ட என்றான், அவன் கண் கலங்கியிருந்தது, அதில் நடிப்பு இல்லை, இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆக அவன் வலை விரிக்கவில்லை. அவள் படிப்பாள் என்று நம்பிக் கூப்பிட்டிருக்கிறான். அவளைப் போய் நம்பியிருக்கிறான், மடையன், ஜெர்மனி போயும் திருந்தாத மடையன். கைதட்டல் நிற்கவில்லை. ஒவ்வொரு தட்டும் கன்னத்தில் விழுந்தது. நான் படிக்கவில்லை என்று சொல்லிவிடலாம், மைக் முன்னால்தான் இருக்கிறது, நான்கே வார்த்தை, நான் இதைப் படிக்கவே இல்லை. சொன்னால் என்ன ஆகும். ரிப்போர்ட் செல்லாது. வைவா செல்லாது. ஆய்வேடு வேறொருவனிடம் போகும், அவன் அதை அலமாரியில் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் மறந்துபோவான், மட்டி ஓடும் மூன்றாவது கோடும் அங்கேயே கிடக்கும், இந்த எண்ணெய்த் தலைக்காரி பட்டம் இல்லாமல் நிற்பாள். ஆக வாயைத் திறக்கவும் வழியில்லை. தனக்குச் சேராத இந்தப் புகழைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு மாதிரி ஏதோ இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. ஓய்ந்ததும், ஒரு கேள்விதான், அந்தத் தண்ணியை இப்ப யாராவது குடிக்கிறாங்களா என்று கேட்டாள். காலனியில் எல்லாரும் குடிக்கிறார்கள் என்றாள் பெண். நிறுத்தச் சொல்லவில்லையா என்றாள். சொல்லியாகிவிட்டது, பஞ்சாயத்தில் இரண்டு தரம் சொல்லியாகிவிட்டது, போர்டைக் காட்டுகிறார்கள் என்றாள் பெண்.

பரிந்துரைக்கிறேன் என்ற வாசகத்தை வாசித்தாள். மறுபடி தட்டினார்கள். சால்வை வந்தது, பழத்தட்டு வந்தது, போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள், நின்றாள். போட்டோ முடிந்ததும் அந்த அம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். கிட்டத்தில் பார்த்தால் அவ்வளவு வயது ஒன்றும் இல்லை, சண்முகவடிவைவிடச் சின்னவள்தான், ஈறில் மெல்லிய நீலக்கோடு. அதுவும் பாடத்தில் உண்டு. அன்னைக்கு சொம்பு குடுத்தது நாந்தான், ஞாபகம் இருக்கா டீச்சரம்மா என்று கேட்டாள். இருக்கு என்றாள் சண்முகவடிவு. இல்லை. கையில் குழந்தை இருந்தது ஞாபகம் இருந்தது, சொம்பின் நெளிவு ஞாபகம் இருந்தது, தன் தொண்டையில் தண்ணீர் இறங்கியது ஞாபகம் இருந்தது, முகம் ஒன்று மட்டும் ஞாபகம் இல்லை.

"எங்க மக எடுத்துச் சொன்னாலும், உன்னைவிடப் பெரிய படிப்பாளி குடிச்சே காட்டியிருக்காங்கன்றாங்க. குடிக்கலாம்னு நீங்கதானே வந்து சொன்னீங்க. குடிக்க வேணாம்னும் நீங்களே வந்து சொல்லிருங்க டீச்சரம்மா."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதிலுக்குக் கோபப்படலாம், சண்முகவடிவுக்கு அது கை வந்த கலை. கோதண்டபாணி இடையில் புகுந்து, இலை போட்டாச்சு, முதல்ல சாப்பிடுவோம், அதையெல்லாம் முறைப்படி கடிதம் எழுதிச் செய்யலாம் என்றான். அவளுக்கு அவன்மேல் இருந்த பழைய வெறுப்பு நல்லவேளையாகத் திரும்பி வந்தது, அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. சாப்பாடு வேண்டாம், காரைக் கொக்கரையான்குளத்துக்கு விடச் சொல் என்றாள். இப்பவா என்றான். அங்கே பட்டறைக்காரர்கள் இருப்பார்கள், பஞ்சாயத்தில் கேள்வி கேட்பார்கள், பேப்பரில் வரும், ரிட்டயர் ஆகிற நேரத்தில் உனக்கு எதுக்கு வடிவு என்று காதோடு சொன்னான். அவன் சொன்ன அத்தனையும் அவளுக்கும் தெரியும், அவனைவிட நன்றாகத் தெரியும். சால்வையை மடித்து மேஜையில் வைத்தாள். பூவை மட்டும் எடுத்துக்கொண்டாள். காரில் அந்த அம்மாளை முதலில் ஏறச் சொன்னாள், அவளுக்குக் கதவு திறக்க வரவில்லை, இவளே திறந்துவிட்டாள். பெண் முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் ஹாலில் இருந்து இன்னும் சில பேர் வாசலுக்கு வந்து, நல்ல மனுஷி என்று அவள் காதுபடவே சொல்லிக்கொண்டு, கார் கிளம்பும்போதும் தட்டினார்கள். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். போகிற இடத்தில் என்ன செய்வார்களோ, கத்துவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள், அந்தச் சொம்பையே எடுத்து எறிந்தாலும் எறிவார்கள். எப்படியும் அங்கே யாரும் கை தட்ட மாட்டார்கள்.